கண் அழுத்த நோய்க்கு ஆப்பரேசன் என்றார்களா? சேலம், ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

"சொட்டு மருந்து போதாது, ஆப்பரேசன் பண்ணிக்கலாம்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியவர்கள் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஏங்கண்ணு, பண்ணிக்கிட்டா பழையபடி தெரியுமா?"

தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். கண்புரை அறுவை செய்தவர்களுக்கு ஓரிரு நாளில் பளிச்சென்று தெரிகிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும், அதைப் பார்த்துவிட்டுத்தான் நீங்களும் கேட்கிறீர்கள். குளுக்கோமா என்று ஃபைலில் எழுதியிருக்கும் கண் அழுத்த நோய் வேறு. இதில் பழுதாவது கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பார்வை நரம்பு. பட்டுப்போன நரம்பிழை மறுபடி துளிர்ப்பதில்லை. மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்றத்தான் அறுவை. செய்துகொண்ட பிறகு சில வாரங்கள் முன்பைவிட மங்கலாகக்கூடத் தெரியும். இது தெரியாமல் வந்து படுத்தவர்கள், "கண்ணைக் கெடுத்துட்டாங்க" என்று கோபித்துக்கொண்டு, மருந்தையும் பரிசோதனையையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் கண் போகிறது.

நான் டாக்டர் இல்லை. சேலத்தில் ஒரு கண் மருத்துவமனையில் நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் விளக்கிச் சொல்லும் வேலை. கீழே இருப்பது திறந்த கோண வகை நோய்க்கு மட்டும். உங்கள் ஃபைலில் மூடிய கோணம் என்று இருந்தால் அதற்கான வைத்தியத்தின் வரிசையே வேறு. அப்புறம் ஒன்று: எந்த அறுவை என்பதை உங்கள் கண்ணைப் பார்த்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது, வீட்டில் எதற்குத் தயாராவது என்பதற்கு இது உதவும்.

என்ன நடக்கிறது என்று இரண்டு நிமிடம்

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரக்கிறது. கண்ணீர் அல்ல, இது உள்ளேயே சுரந்து உள்ளேயே வடிவது. முன்பக்கக் கண்ணாடிப் படலமும் அதன் பின்னே உள்ள வண்ணத் திரையும் சந்திக்கும் மூலையில் ஒரு சல்லடைத் திசு இருக்கிறது. அதன் வழியாக நீர் வடிந்து ரத்தத்தில் கலக்கிறது. அந்த மூலைக்குத்தான் கோணம் என்று பெயர். திறந்த கோண வகையில் மூலை திறந்தே இருக்கும், சல்லடைக்குள்தான் அடைப்பு. நீர் தேங்க, அழுத்தம் ஏறும். வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவது நெடுநாள் தெரியாது. அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 வரை (மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில்) இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் நரம்பு மிகவும் நலிந்தவருக்கு 18 கூட அதிகம்.

நரம்பைக் காக்க நம் கையில் இருக்கும் நிரூபணமான வழி அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. ஸ்வீடனில் நடந்த நீண்ட ஆய்வொன்றில், அழுத்தத்தில் ஒவ்வொரு புள்ளி குறையும்போதும் நோய் முற்றும் ஆபத்து சுமார் 10 சதவீதம் குறைந்தது. ஆகவே 22 இருந்தது 17 ஆவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

படி 1: ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு நான்கு கேள்வி

இப்போது அழுத்தம் எவ்வளவு? என் கண்ணுக்கு எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்? நரம்பு ஆரம்ப நிலையிலா, நடுவிலா, முற்றியதா? பீல்டு டெஸ்ட் முந்தையதைவிட மோசமாகியிருக்கிறதா? இந்த நான்குக்கும் விடை தெரியாமல் தேதி குறிக்காதீர்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் எண்ணுக்கு இலக்கு அழுத்தம் என்று பெயர். பின்னால் எந்த அறுவை என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்த எண்தான்.

பீல்டு டெஸ்ட் என்பது வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும்போது பித்தானை அமுக்கும் சோதனை. பலர் வெளிச்சத்தைத் தேடிக் கண்ணை ஓட்டுவார்கள். நடுப்புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால்தான் கணக்கு சரியாக வரும். தூக்கம் வந்தால் பித்தானை அமுக்கியபடியே பிடித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான இயந்திரங்கள் நின்று காத்திருக்கும். ஒரே ஒரு மோசமான தாளை வைத்து அறுவைக்கு ஓட வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் டாக்டரே மறுபடி எடுக்கச் சொல்வார்.

அறுவைக்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும்: சொட்டு மருந்து உண்மையில் கண்ணுக்குள் விழுகிறதா? போட்டுக் காட்டச் சொன்னால், இமையில் மூன்று சொட்டு, கன்னத்தில் இரண்டு, துண்டால் ஒரு துடைப்பு, "போட்டாச்சு" என்பார்கள். ஒரு சொட்டு போதும். கீழ் இமையை இழுத்து அந்தப் பையில் விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிடம் அமுக்கிக்கொள்ளுங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி. கை நடுங்கினால் மகளோ மருமகளோ போடட்டும். இதைச் சரி செய்ததாலேயே அறுவை தள்ளிப்போனவர்கள் இருக்கிறார்கள். அதேபோல், அரிப்புக்கு என்று மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் போடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தே அழுத்தத்தை ஏற்றிவிடும். அப்படி ஏதாவது போட்டிருந்தால் மறைக்காமல் பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

படி 2: லேசரில் முடியுமா என்று கேளுங்கள்

இதை நேரடியாகக் கேட்கலாம், டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். எஸ்.எல்.டி. என்று சுருக்கமாகச் சொல்லும் லேசரில், அடைபட்ட சல்லடைத் திசுவின் மேல் மென்மையான ஒளித் துடிப்புகளைச் செலுத்துவார்கள். மரப்புச் சொட்டு விட்டு, உட்கார்ந்த நிலையிலேயே சில நிமிடத்தில் முடிந்துவிடும், அன்றே வீட்டுக்குப் போகலாம். பிரிட்டனில் சொட்டு மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வில், லேசரில் தொடங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்றாண்டு முடிவில் சொட்டு மருந்தே இல்லாமல் இலக்கு அழுத்தத்தில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஆரம்ப நிலை நோயாளிகள். லேசர் சுமாராக 20 முதல் 30 சதவீதம் வரை அழுத்தத்தைக் குறைக்கும், அதன் பலன் வருடங்கள் போகப் போகத் தேயலாம். 34 இருக்கும் அழுத்தத்தை 12-க்குக் கொண்டுவர அது போதாது. நோய் முற்றியவர்கள் லேசரை நம்பி மாதங்களைக் கடத்தக் கூடாது.

படி 3: எந்த அறுவை?

என்னைக் கேட்டால், அறுவையைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்குப் பிந்தைய மூன்று மாதங்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹஸ்தம்பட்டியில் இருப்பவர் வாரம் ஒரு முறை வந்துபோவதும், நாகலூரிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதும் ஒன்றல்ல. "என்னால் இத்தனை தடவைதான் வர முடியும்" என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அதையும் வைத்துத்தான் அவர் யோசிப்பார்.

*ட்ரபெக்யூலெக்டமி.* டாக்டர்கள் ட்ராப் என்பார்கள். 1968-ல் கேம்பிரிட்ஜில் கெய்ர்ன்ஸ் என்ற மருத்துவர் விவரித்த முறை. அடிப்படை இன்றும் அதுதான், இன்னமும் முற்றிய நோய்க்கு முதலில் சொல்வதும் இதைத்தான். மேட்டூரில் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டதும் 16 கண் மதகு வழியாக உபரி நீரைத் திறப்பார்களே, அப்படிக் கண்ணுக்கு ஓர் உபரி வழி. மேல் இமைக்கு அடியில், வெள்ளை விழியில் பாதிக் கனத்துக்கு ஒரு சிறிய கதவை வெட்டி, அதன் அடியில் துளை போட்டு, கதவை மெல்லிய தையலால் தளர்வாகக் கட்டுவார்கள். உள்ளிருந்து கசியும் நீர் மேல் சவ்வுக்குக் கீழே சிறு கொப்புளமாகத் தங்கி, அங்கிருந்து உறிஞ்சப்படும். இமை மூடியிருப்பதால் வெளியில் தெரியாது.

இதில் சிக்கல் என்னவென்றால், உடம்பு காயத்தை ஆற்றிவிடப் பார்க்கும். காயம் நன்றாக ஆறினால் வழி அடைபட்டுவிடும். அதனால்தான் மைட்டோமைசின் என்ற மருந்தைப் பஞ்சில் நனைத்துச் சில நிமிடம் வைத்தோ, ஊசியாகப் போட்டோ தழும்பு விழுவதைத் தடுக்கிறார்கள். வயதில் சிறியவர்களுக்கும், பல ஆண்டுகள் பல வகைச் சொட்டு மருந்து போட்டுக் கண் சிவந்திருப்பவர்களுக்கும் தழும்பு சீக்கிரம் விழும். கதவைக் கட்டிய தையலை எப்போது தளர்த்துவது என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. முதல் சில வாரங்களில் அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து லேசரால் ஒரு தையலை வெட்டுவார்கள், அல்லது வெளியில் விட்டிருக்கும் நூலை உருவுவார்கள். அந்தச் சமயத்தில் நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். பரிசோதனைக்கு வராத ட்ராப் பாதி செய்த ட்ராப் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

நன்றாக அமைந்தால் அழுத்தம் பத்துக்கு மேல் பதினைந்துக்குள் நிற்கும், பலருக்குச் சொட்டு மருந்தும் நின்றுவிடும். ஆபத்துகளும் உண்டு: அழுத்தம் அளவுக்கு மீறி இறங்குவது, கண்புரை வேகமாக வளர்வது, கொப்புளத்தில் எப்போது வேண்டுமானாலும் கிருமி தொற்றுவது. நோய் மிகவும் முற்றியிருந்தால் அரிதாக, மிச்சமிருந்த நடுப்பார்வையும் அறுவைக்குப் பிறகு போய்விடுவதுண்டு. கையெழுத்துப் போடும் முன் இதைப் பற்றி டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

*குழாய் வைக்கும் அறுவை.* ட்ராப் தோற்றவர்களுக்கும், ஏற்கெனவே கண்ணில் அறுவை நடந்து தழும்பு விழுந்தவர்களுக்கும் இது. கண்ணுக்குள் மெல்லிய சிலிக்கான் குழாய், அதன் மறுமுனையில் விழியின் பக்கவாட்டில் பதிக்கும் தகடு. நீர் குழாய் வழியாகத் தகட்டைச் சுற்றிப் போய்ச் சேரும். முன்பே அறுவை நடந்த கண்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஒப்பீட்டில், ஐந்தாண்டில் தோற்றது குழாயில் சுமார் 30 சதவீதம், ட்ராப்பில் சுமார் 47 சதவீதம்.

இதில் இரண்டு வகை. அகமது வால்வில் தடுப்பிதழ் இருப்பதால் முதல் நாளிலிருந்தே வேலை செய்யும். ஆனால் ஒன்றிரண்டு மாதத்தில் அழுத்தம் மறுபடி ஏறி, சொட்டு மருந்து தேவைப்படுவது சகஜம். மற்றது தடுப்பிதழ் இல்லாதது. கண் மருத்துவப் பொருட்கள் செய்யும் நம் மதுரை அரோலேப் நிறுவனம் 2013-லிருந்து தயாரிக்கும் ஆடி என்ற குழாய் இந்த வகை. வெளிநாட்டுக் குழாய்களைவிட விலை வெகுவாகக் குறைவு என்பதால் தமிழ்நாட்டில் அடிக்கடி இதன் பெயர் காதில் விழும். ஆடி வைத்தவர்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நீர் ஒரேயடியாக ஓடிவிடக் கூடாதென்று குழாயைக் கரையும் நூலால் கட்டியிருப்பார்கள். சுமார் ஐந்து, ஆறு வாரத்தில் நூல் கரைந்து குழாய் திறக்கும். அதுவரை அழுத்தம் இறங்காது, டாக்டர் தொடரச் சொன்ன பழைய சொட்டு மருந்துகளை நிறுத்தக் கூடாது. திறக்கும் வாரத்தில் அழுத்தம் சட்டென்று விழலாம். ஏற்காட்டுக்காரர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, அந்த ஐந்தாம் ஆறாம் வாரம் மட்டுமாவது கீழே சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள் என்பதுதான். ராத்திரி பத்து மணிக்குப் பார்வை மங்கினால் மலையிலிருந்து இறங்குவது லேசான காரியமில்லை.

*சின்னத் துளை அறுவைகள்.* கண்புரையும் சேர்ந்து இருப்பவர்களுக்கு, புரையை எடுக்கும் அதே துளை வழியாக வடிகாலையும் சரி செய்வது. ஐஸ்டென்ட் என்பது சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள டைட்டானியம் குழல், சல்லடைத் திசுவில் செருகிவிடுவார்கள். கேட் என்ற முறையில் தையல் நூலையே வடிகால் வாய்க்காலுக்குள் சுற்றிவரச் செலுத்தி, இழுத்துத் திறந்துவிடுவார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஊசி முனையை வளைத்து அதனாலேயே திசுவைக் கீறும் முறையும் நம் நாட்டில் செய்கிறார்கள். வெளியே கொப்புளம் இல்லை, தொற்று பயம் குறைவு, பரிசோதனைத் தடவைகளும் குறைவு. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம். ஆனால் அழுத்தம் பெரும்பாலும் பதினைந்து, பதினாறு பக்கத்தில்தான் நிற்கும். இலக்கு 12 என்றால் இதை நம்ப முடியாது. கேட் செய்தவர்களுக்கு முதல் வாரம் கண்ணுக்குள் ரத்தம் கலங்கி மங்கலாக இருக்கும். தலையை உயர்த்திப் படுத்தால் மெல்ல வடிந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

*நீர் சுரக்கும் இடத்தையே சுடும் லேசர்.* வடிகாலை விட்டுவிட்டு ஊற்றைக் குறைக்கும் வழி. பார்வை ஏறக்குறைய போய் வலி மட்டும் மிஞ்சிய கண்ணுக்கும், எல்லா அறுவையும் தோற்ற கண்ணுக்கும் வழக்கமாக இதைச் சொல்வார்கள்.

படி 4: தேதி குறிக்கும் முன்

சேலத்தில் காலண்டரைப் பார்க்காமல் அறுவைத் தேதி குறித்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா, மலையில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்கள். பரிசோதனைக்கு வராமல் போகிறவர்கள் இந்தச் சமயத்தில்தான் அதிகம். முன்னால் ஆறு, எட்டு வாரம் ஓய்வாக இருக்குமா என்று பார்த்துக் குறியுங்கள். ஆனால் டாக்டர் "உடனே" என்று சொல்லியிருந்தால் திருவிழாவைக் காரணம் காட்டித் தள்ளாதீர்கள்.

சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் பையோடு கொண்டுவாருங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின் போன்ற, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது. கண் டாக்டரும் இருதய டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். சிறுநீர் தடையில்லாமல் போக டாம்சுலோசின் சாப்பிடும் பெரியவர்கள் அதை அவசியம் சொல்ல வேண்டும், புரையும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் அது அறுவையைச் சிரமமாக்கும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் வந்திருக்க வேண்டும். சல்பா மருந்து ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிடுங்கள், அழுத்தத்துக்குக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை அந்த வகையைச் சேர்ந்தது.

பணம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் எடுக்கலாம். உங்கள் டாக்டர் சொல்லும் அறுவையின் பெயரையும், குழாய் என்றால் எந்தக் குழாய் என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, அது திட்டத்தில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் "கண் ஆப்பரேசன்தானே, வரும்" என்று சொல்லிவிடுவார்கள், அப்புறம் குழாய்க்குத் தனிக் காசு என்று நிற்கும். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, அங்கேயும் காட்டிக் கருத்துக் கேட்கலாம்.

படி 5: அறுவை நாள்

இதில் சொல்ல அதிகமில்லை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மயக்கம் கொடுப்பதில்லை, கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி. ட்ராப்புக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், குழாய்க்குக் கொஞ்சம் கூடுதல். இருமல் இருந்தால் படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சாப்பிட்டு வருவதா, வெறும் வயிற்றிலா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும், அவர்கள் தாளில் எழுதியிருப்பதையே கேளுங்கள். மறுநாள் காலை கட்டுப் பிரித்துப் பார்ப்பது தவிர்க்கக் கூடாத பரிசோதனை. அன்று ராத்திரி சேலத்திலேயே தங்குங்கள்.

படி 6: முதல் மூன்று மாதம்

இங்கேதான் நான் அதிகம் பேசுவேன். முதலில் மருந்துக் குழப்பம். அறுவை செய்த கண்ணுக்குப் பழைய அழுத்தச் சொட்டு மருந்துகளைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். ஆடி குழாய்க்கு மட்டும் நூல் கரையும்வரை தொடர்வார்கள் என்று மேலே சொன்னேன். இதைக் கேட்டுவிட்டு அடுத்த கண்ணுக்கும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள்! அந்தக் கண்ணுக்குப் பழைய மருந்து அப்படியே தொடர வேண்டும். பாட்டிலின் மேல் பிளாஸ்திரி ஒட்டி 'வலது', 'இடது' என்று பேனாவால் எழுதிவிடுங்கள். புதிய மருந்துகளில் பால் மாதிரி வெள்ளையாக இருப்பதை ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்கிவிட்டுப் போட வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். கண் வெளுத்துவிட்டது, வலி இல்லை என்று நீங்களாக நிறுத்தினால் தழும்பு விழுந்து வழி மூடிக்கொள்ளும்.

பரிசோதனை மறுநாள், அப்புறம் முதல் மாதம் வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று போகும். டாக்டர் அழைத்தால் அதற்கு நடுவிலும் வர வேண்டும். கொப்புளம் தட்டையாகிக்கொண்டே வந்தால் ஊசி முனையால் தழும்பைக் கீறிவிட்டு மருந்து போடுவதுண்டு. அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம், பலருக்கும் நடப்பதுதான்.

மலைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உயரம் ஏறுவதால் கண் அழுத்தம் எகிறிவிடும் என்று பயப்படாதீர்கள், ஏற்காட்டின் சுமார் 1,500 மீட்டர் உயரம் அப்படி ஒன்றும் செய்யாது. விதிவிலக்கு ஒன்று: விழித்திரை அறுவையிலோ, அழுத்தம் மிகவும் இறங்கியதாலோ கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால், மேலே ஏறும்போது அது விரியும். அப்போது டாக்டர் அனுமதிக்கும்வரை அடிவாரத்தைத் தாண்டக் கூடாது. மற்றவர்களுக்குத் தொந்தரவு வளைவுகளில் வரும் வாந்திதான். அழுத்தம் தாழ்ந்திருக்கும் கண்ணோடு முக்கி வாந்தி எடுத்தால் உள்ளே ரத்தக்கசிவு ஏற்படக்கூடும். குப்பனூர் வழியாகப் போனாலும் மலைப்பாதைதான். பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வருகிறவர்கள் டாக்டரிடம் சொல்லி மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், முன் இருக்கையில் உட்காருங்கள், முடிந்தால் முதல் இரண்டு வாரம் ஏறவே வேண்டாம்.

அதே காரணத்தால் மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குடம், காப்பி மூட்டை, பேரப்பிள்ளை எதையும் தூக்க வேண்டாம். குனிந்து கோலம் போட வேண்டாம். தலைக்கு ஊற்றுவதும் எண்ணெய்க் குளியலும் டாக்டர் சொன்ன பிறகு, சீயக்காய்த் தூள் கண்ணில் பட்டால் கசக்கத் தோன்றும், கசக்கவே கூடாது. ராத்திரி பிளாஸ்டிக் மூடி ஒட்டிப் படுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறையில் ஊதுகுழலால் பொடி வைத்து ஊதுகிறவர்களும், நாதஸ்வரக்காரர்களும் எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று தனியாகக் கேட்க வேண்டும். மூச்சை அடக்கி ஊதும்போது கண் அழுத்தம் ஏறும். சிரசாசனத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, கண் அழுத்த நோய் உள்ளவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது.

புதுக் கண்ணாடி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். அதற்குள் பவர் மாறிக்கொண்டே இருக்கும், காசு வீண்.

படி 7: அதற்கப்புறம்

ட்ராப் செய்த கண்ணில் சிவப்பு, வெளிச்சம் கூசுவது, வலி, பார்வை மங்கல், பீளை இவற்றில் எது வந்தாலும் அன்றே வர வேண்டும். அறுவை நடந்து பத்து வருடம் ஆகியிருந்தாலும் இதே விதிதான். "மெட்ராஸ் ஐ போல இருக்கு, ஊரில் எல்லாருக்கும் வந்திருக்கு" என்று மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு நாலு நாள் கழித்து வந்தால், கிருமி கண்ணுக்குள் இறங்கியிருக்கலாம். கிணற்றில் குதித்துக் குளிப்பது, கிளியூர் அருவியில் தலையைக் கொடுப்பது இரண்டையும் மறந்துவிடுங்கள். அறுவை செய்துகொண்டவர் என்று எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் பர்ஸில் இருக்கட்டும், வெளியூரில் வேறு டாக்டரிடம் காட்ட நேர்ந்தால் உதவும்.

அழுத்தம் நன்றாக இருந்தாலும் டாக்டர் சொல்லும் இடைவெளியில், சிலருக்கு மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம், பரிசோதனையும் பீல்டு டெஸ்ட்டும் தொடர வேண்டும். அறுவை வருடங்கள் கழித்துத் தோற்பதும், மறுபடி சொட்டு மருந்து தொடங்குவதும், இரண்டாவது அறுவை தேவைப்படுவதும் நடப்பதுதான்.

இன்னொரு வேலை பாக்கி. இந்த நோய் ரத்த சொந்தத்தில் வருவது, உங்களோடு பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மற்றவர்களைவிடப் பல மடங்கு வாய்ப்பு அதிகம். சென்னையை ஒட்டிய கிராமங்களில் நடந்த ஆய்வில், திறந்த கோண நோய் இருந்தவர்களில் 98.5 சதவீதம் பேருக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. நாற்பது தாண்டிய தம்பி, அக்கா, மூத்த மகன் யாராக இருந்தாலும் அடுத்த பரிசோதனைக்குக் கூடவே கூட்டி வாருங்கள். கண் பாப்பா விரிய மருந்து விடுவார்கள், சில மணி நேரம் கிட்டத்தில் மங்கலாகத் தெரியும். அதனால் பைக்கில் வராமல் பஸ்ஸில் வரச் சொல்லுங்கள்.